ஒட்டகங்கள் சரி, ஓட்டிவந்தவர்கள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியக் காட்டு ஒட்டகங்களைச் சுட்டுக் குறைப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவை உடைக்கும் வேலிகள், காலி செய்யும் தண்ணீர்த் தொட்டிகள் என்று நிறைய விவரம். ஆனால் அவற்றை ஓட்டிவந்த மனிதர்களை 'ஆப்கானியர்' என்ற ஒற்றைச் சொல்லோடு கடந்துவிட்டீர்கள். அதுதான் மனசுக்கு ஆறவில்லை.

அந்தப் பெயரே பலருக்குப் பொருந்தாது. 1866இல் தெற்கு ஆஸ்திரேலியப் பண்ணை முதலாளி தாமஸ் எல்டர் கராச்சியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களையும் 31 ஆட்களையும் கப்பலில் வரவழைத்தார். அவர்களிலும் பின்னால் வந்தவர்களிலும் பலர் பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப் பக்கத்துக்காரர்கள். அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் மக்கள்.

குதிரைக்கும் மாட்டுக்கும் தினமும் தண்ணீர் காட்ட வேண்டும். நடுப்பாலையில் அது நடக்கிற காரியமா? நாள்கணக்கில் தண்ணீரில்லாமல் நடக்கும் ஒட்டகம், அரை டன் வரை பொதி சுமந்தது. போகும்போது மாவும் தேயிலையும் தந்திக் கம்பியும், திரும்பும்போது ஆட்டு ரோமப் பொதிகள். மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டி தங்க வயலுக்குச் சோறும் தண்ணீரும் போனதும் அதன் முதுகில்தான். ஆனால் ஒட்டகம் தானாக நடந்துவிடவில்லை. தினம் காலையில் அதை மண்டியிட வைத்து, இருபக்கமும் எடை சமமாகப் பொதி கட்ட வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் முதுகு புண்ணாகிவிடும். மாலையில் அத்தனையையும் இறக்கி, மேய விட்டு, விடியுமுன் தேடிப் பிடித்து வர வேண்டும். இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

பதிலுக்குக் கிடைத்தது என்ன? தெற்கு ஆஸ்திரேலியாவின் மாரீ ஊரில் ரயில் பாதைக்கு ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் இவர்களும் பழங்குடியினரும். வெள்ளையரல்லாதார் வருகையைத் தடுத்த 1901 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு ஊருக்குப் போய்த் திரும்பி வருவதே பாடாயிற்று. பின்பு லாரிகள் வந்தன. 1925இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒட்டக அழிப்புச் சட்டமும் வந்தது. கூடவே நடந்த பிராணியைச் சுட மனம் வராமல் பலர் அவிழ்த்து விட்டார்கள். உங்கள் கட்டுரை தொல்லை என்று சொல்வது அவற்றின் வாரிசுகளைத்தான்.

மகள் வீட்டுக்கு அடிலெய்டு போயிருந்தபோது, லிட்டில் கில்பர்ட் தெருவில் இவர்கள் 1888–89இல் எழுப்பிய பள்ளிவாசலைப் பார்த்தேன். வேலை ஓய்ந்த முதியவர்கள் பலர் கடைசிக் காலத்தில் அங்கேதான் ஒதுங்கியிருந்தார்களாம். அதன் முன் வெகுநேரம் நின்றேன்.

கட்டுரையின் தொடர்ச்சி அடுத்த இதழில் வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் இவர்களுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
பாளையங்கோட்டை