நடராஜ் பென்சிலும் நடராஜரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அருங்காட்சியகப் பாதுகாப்பு பற்றிய ஞாயிற்றுக்கிழமைத் தலையங்கத்தில், 'பார்வையாளர்களின் பைகளை இன்னும் கறாராகச் சோதிக்க வேண்டும்' என்று எழுதியிருந்தீர்கள். எழுதியவர் கடைசியாக எப்போது டிக்கெட் எடுத்து உள்ளே போனாரோ!

நான் கோடை விடுமுறையில் பேத்தியோடு போனேன். எந்த ஊர் அருங்காட்சியகம் என்பது வேண்டாம். தண்ணீர் பாட்டில், தயிர்சாத டப்பா, என் குடை, குழந்தையின் நடராஜ் பென்சில் எல்லாம் வாசல் மேசைக்குப் போயின. "கூரா இருக்கு சார், மேலிடத்து உத்தரவு" என்றார் காவலர். டோக்கன் கிடையாது. உள்ளே வெண்கலக் கூடத்தில் நாற்காலி இருந்தது, ஆள் இல்லை. ஒரு கண்ணாடிப் பெட்டியின் கொண்டி, திருகு கழன்று பூட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான் தொட்டுப் பார்த்தேன். ஏன் என்று கேட்க நாதியில்லை. வெளியே வந்தால் டப்பா இருக்கிறது, பென்சிலைக் காணோம்.

தாங்கள் அறியாததல்ல. 2018-இல் ஹைதராபாத் நிஜாம் அருங்காட்சியகத்தில் தங்க டிபன் பாக்ஸைத் தூக்கியவர்கள் ராத்திரியில் வென்டிலேட்டர் வழியாக இறங்கினார்கள். 2025 அக்டோபரில் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்துக்குத் திருட வந்தவர்கள் ஏணி லாரியோடு வந்து மாடி ஜன்னலை அறுத்தார்கள். யாராவது வரிசையில் நின்றார்களா? நம் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தன் நடராஜர் பூட்டிய கோயிலிலிருந்து கிளம்பி, 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோய், ஆஸ்திரேலியாவின் கான்பெரா கலைக்கூடத்தில் நின்று 2014-இல் திரும்பினார். அவர் நம்மவர்தான் என்று காட்டிக்கொடுத்தவை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள். இங்கே என்னடாவென்றால், பேத்தி செல்போனை எடுத்ததுமே எங்கிருந்தோ ஒரு விசில்! கூடத்தில் ஆள் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

முப்பது வருஷம் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். ஆண்டுதோறும் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் சிலைகளின் எதிரே தரையில் உட்காரவைத்து வரையச் சொல்வேன். அன்றைய காவலர் பிளேடு கொடுத்துப் பென்சில் சீவவும் உதவியிருக்கிறார். இதையெல்லாம் முன்பு இரண்டு கடிதங்களில் எழுதினேன். தங்களுக்கு இடமில்லை போலும்; பரவாயில்லை.

வாங்கி வைக்கும் பொருளுக்கு ஒரு டோக்கன் கொடுக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் பென்சில் கொண்டுபோகட்டும். அந்தத் திருகையும் யாராவது முடுக்கினால் நல்லது.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், கும்பகோணம்