பெஞ்சில் ஒரு ஓட்டப்பந்தயம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். எனக்குத்தான் முதுகுவலி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் இப்போது நிலைமத் திருப்புத்திறன், அதாவது ஒரு பொருளைச் சுழல வைப்பது எவ்வளவு கடினம் என்ற அளவு. பெயரைக் கேட்டதுமே நமக்கு முகம் வாடுமே, இவர்களுக்கும் அதே. இந்த முறை பெஞ்சுக்கு ஒரு பக்கம் செங்கல் முட்டுக் கொடுத்து, இரும்புக் குண்டையும் பிவிசி குழாயில் அறுத்த வளையத்தையும் ஒன்றாக உருட்டினேன். "கனமானதுதான் சார் ஜெயிக்கும்" என்று கூச்சல். குண்டு ஜெயித்தது. ஒரே கொண்டாட்டம். அடுத்து, வெல்டிங் பட்டறையில் அறுத்து வாங்கிய கனத்த இரும்பு வளையத்துக்கு எதிராக ஒரு கோலிக்குண்டை விட்டேன். கோலிதான் முந்தியது! வகுப்பு கப்சிப். குண்டையும் கோலியையும் சேர்த்து விட்டால் ஜோடியாக இறங்குகின்றன. எடைக்கு இங்கே வேலையே இல்லை, எடை எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. வளையத்தில் எல்லாம் விளிம்பில் கிடக்கிறது, அதனால் அதைச் சுழல வைப்பது கடினம். கோலி அடியைத் தொடும்போது வளையம் பத்தில் ஏழு பங்குதான் வந்திருக்கும். சரிவை ஏற்றினாலும் இறக்கினாலும் இதே 7/10.

அப்புறம் ஒரே மாதிரி இரண்டு டப்பா. ஒன்றில் மணலை இறுக்கி அடைத்து, மற்றதில் தண்ணீரைத் தளும்பாமல் நிரப்பி மூடினேன். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, வாயே திறக்காதவள், "டப்பா சுத்தினா உள்ளே தண்ணியும் சுத்துமா சார்?" என்றாள். விடையே அந்தக் கேள்விதான். தண்ணீர் அவ்வளவாகச் சுற்றாமல் சும்மா கூடவே இறங்குகிறது, அதனால் தண்ணீர் டப்பா முந்துகிறது. உன் அம்மா முட்டையைத் தரையில் சுற்றிவிட்டு, தள்ளாடினால் "இது பச்சை" என்பார்களே, அதேதான்.

முதுகு விஷயம்: சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் செங்கலை நீட்டிப் பிடித்துச் சுற்றச் சொன்னேன். அச்சிலிருந்து தூரம் பாதியானால் செங்கலின் நிலைமத் திருப்புத்திறன் கால்வாசி என்று சொல்லிக்கொண்டே கையை மார்புக்கு இழுத்தேன். வேகம் பிய்த்துக்கொண்டது. நாற்காலிக்கு ஒரு உருளை கழன்றிருந்தது யாருக்கும் தெரியாது. விழுந்ததற்குக் கைதட்டல் வேறு.

உன் அண்ணன் கடையில் பழைய சைக்கிள் வீல் ஒன்று, ஆக்ஸிலோடு, கிடந்தால் பஸ்ஸில் போட்டுவிடு. இந்தத் தடவை நின்றுகொண்டே செய்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்