ரோல் கேஜுக்கு ஒரு விதி எழுதுங்கள்: போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தில் மோட்டார் வாகன விதிகளை எழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

பதினைந்து வருடம் முடிந்த ஜீப்பின் ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தால் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஒரு சடங்கு உண்டு. முதல் நாள் மாலை ரோல் கேஜ் என்னும் இரும்புக் குழாய்க் கூண்டின் போல்ட்டுகளைக் கழற்றி, அதை இறக்கிச் சுவரோரம் சாய்த்து வைப்பார்கள். மறுநாள் காலை பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். சாயங்காலம் கூண்டு மறுபடி ஏறும். வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவரின் கழுத்தைக் காக்கும் பொருளைக் கழற்றிய பிறகுதான் அது சாலைக்குத் தகுதியான வண்டி ஆகிறது. இன்ஸ்பெக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று சொல்ல அவர் கையில் அளவுகோல் எதுவும் இல்லை.

சட்டம் தெரியாமல் எழுதவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் குறித்ததற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கில், உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம் 182ஏ பிரிவைச் சேர்த்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சரி. ஆனால் அதே திருத்தம் 52ஆம் பிரிவில் ஒரு வழியையும் விட்டு வைத்தது. வாகன மாற்றங்களுக்கான தரம், ஒப்புதல் நிபந்தனை, பொருத்தும் முறை ஆகியவற்றை மத்திய அரசு வகுக்கலாம். அப்படி வகுத்தபடி செய்த மாற்றத்துக்காகக் கம்பெனி வாரண்டி செல்லாது என்று சொல்ல முடியாது. இந்த வழியில் சிஎன்ஜி கிட்டுக்கு விதி இருக்கிறது, மின்மோட்டார் கிட்டுக்கு விதி இருக்கிறது. ரோல் கேஜுக்கு இல்லை. அதை எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எந்த வண்டிகளுக்கு என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். 2020இல் வந்த புதிய மஹிந்திரா தாரில் கம்பெனியே ரோல் கேஜ் வைத்துக் கொடுத்தது. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அது நான்கு நட்சத்திரமும் வாங்கியது. அதன் மேல் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. நான் பேசுவது அதற்கு முந்தைய திறந்த வண்டிகளைப் பற்றி: பழைய தார், சாஃப்ட் டாப் ஜிப்ஸி, எம்எம் 540, கமாண்டர், மேஜர். இவற்றில் தலைக்கு மேல் இருப்பது தார்ப்பாய். அதைத் தாங்கும் மெல்லிய பைப் சட்டம் மழைக்காகப் போட்டது. முன் கண்ணாடிச் சட்டமோ பல வண்டிகளில் கீழே கீலில் நிற்கிறது. இரண்டு போல்ட்டைத் தளர்த்தினால் பானட் மேல் படுத்துவிடும். வண்டி தலைகீழானால் அது எவ்வளவு நேரம் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

காட்டுப் பாதையில் வண்டி கவிழ்வது நெடுஞ்சாலை விபத்து போல இருக்காது. ஒரு பக்கச் சக்கரம் பாறையில் ஏறும், எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இறங்கும், மனிதன் நடக்கிற வேகத்தில் வண்டி சாயத் தொடங்கும். அந்த ஒன்றிரண்டு விநாடியில் உள்ளே இருப்பவர் தன்னை அறியாமல் செய்வது ஒன்றுதான்: சாயும் பக்கம் கையை வெளியே நீட்டி ஊன்றப் பார்ப்பார். ஒன்றரை டன் இரும்பு அந்தக் கைமேல் இறங்கும். அதற்கப்புறம் தோள், தலை. வேகமே இல்லாத விபத்தில் ஆள் போவது இப்படித்தான்.

‘பணக்காரப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை சேற்றில் விளையாடுவதற்கு அரசு விதி எழுத வேண்டுமா?’ என்று உங்கள் மேஜையில் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. அவரை ஒரு விடியற்காலையில் சூரியநெல்லிக்கு அனுப்புங்கள். கொழுக்குமலை சூரியோதயம் பார்க்க வரிசையாக ஏறும் ஜீப்புகளில் உட்கார்ந்திருப்பது குழந்தை குட்டிகளோடு வந்த குடும்பங்கள். பாதை என்பது உருண்டைக் கற்கள். பின்னால் பக்கவாட்டு பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குப் பிடித்துக்கொள்ள இருப்பது அந்தத் தார்ப்பாய்ச் சட்டம்தான். வால்பாறையிலும் மூணாற்றிலும் எஸ்டேட் ஆட்கள் ஜீப்பில் போகிறார்கள். விளையாட்டாக ஓட்டுகிற எங்களுக்காவது ஹெல்மெட் போடும் பழக்கம் உண்டு.

இனி பட்டறைக்கு வருவோம். விதி இல்லாததன் விளைவு அங்கேதான் நன்றாகத் தெரிகிறது.

கரிவரதன் ரேஸ் கார் கட்டிய ஊர் கோவை. செட்டிபாளையத்து ரேஸ் டிராக் அவர் பெயரில்தான் இருக்கிறது. பைப்பை ஒழுங்காக வளைத்து ஒட்டத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. எஃப்ஐஏ என்னும் சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பு, தன் ‘பின்னிணைப்பு ஜே’யின் 253ஆவது பிரிவில் கேஜுக்கு அளவு சொல்லியிருக்கிறது. தையல் இல்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் ஸ்டீல் குழாய். இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 350 நியூட்டன். ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளையத்துக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 50க்கு 2. மற்ற பைப்புகளுக்கு 38க்கு 2.5, அல்லது 40க்கு 2. போல்ட் போட்டு மாட்டுவதென்றால் ஒவ்வொரு காலுக்கும் 8.8 தரத்தில் குறைந்தது மூன்று எம்8 போல்ட். காலுக்குக் கீழே 3 மி.மீ. கனத்தில் 120 சதுர செ.மீ.க்குக் குறையாத தகடு. இந்தத் தகடு ஏன் என்றால், பழைய ஜீப்பின் தரைத் தகரம் மெல்லியது. தகடு இல்லாமல் பைப்பை நேரடியாக அதில் ஒட்டினால், வண்டி கவிழும்போது கூண்டு உடையாது. முழுசாகத் தரையைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். கூண்டும் மிஞ்சும், தகரமும் மிஞ்சும், நடுவில் இருந்தவருக்குத்தான் இடமிருக்காது.

நல்ல பட்டறைக்காரர் இரண்டு பைப் சேரும் இடத்தில் ஒன்றின் முனையை மீன் வாய் மாதிரி குடைந்து, இடைவெளி இல்லாமல் உட்கார வைப்பார். பிறகு சுற்றி முழுக்க வெல்டிங் ஓட வேண்டும். நிலையான கூரையுள்ள ஹார்ட் டாப் வண்டியில் இங்கேதான் திறமை தெரியும். மேல் மூலையில் பைப்புக்கும் கூரைக்கும் நடுவே வெல்டிங் டார்ச் நுழையாது. அவசரக்காரர்கள் கண்ணுக்குத் தெரியும் முக்கால் பாகத்தை ஒட்டி, பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். தெரிந்தவர்கள் தரையில் கால் வரும் இடங்களில் ஓட்டை போட்டு, கூண்டை அப்படியே ஒரு சாண் கீழே இறக்கி, மேல் பக்கத்தை ஒட்டி முடித்து, மறுபடி தூக்கித் தகடு போட்டு மூடுவார்கள். ஒரு முழு நாள் வேலை கூடும். கேட்கிற காசு கூடும். முடிந்தபின் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

வித்தியாசம் தெரியாததால் சந்தையில் எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீருக்குப் போடும் ஜிஐ பைப்பை வளைத்து, கறுப்பு பவுடர் கோட்டிங் கொடுத்து, மேலே ஒரு எல்ஈடி பட்டையும் வைத்து ‘ரோல் கேஜ்’ என்று விற்கிறார்கள். வளைத்த இடத்தில் உள்பக்கம் சுருக்கம் விழுந்து, குறுக்குவெட்டு முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். எஃப்ஐஏ விதியில் வளைவின் சிறிய விட்டம், பெரிய விட்டத்தில் பத்தில் ஒன்பதுக்குக் குறையக் கூடாது. இவற்றில் பலவற்றை வெர்னியர் வைத்து அளக்கவே வேண்டாம், கையால் தடவினாலே தெரியும். துத்தநாகப் பூச்சின் மேலேயே வெல்டிங் வைத்தால் ஒட்டு பூராவும் நுண்துளை. சட்டத்தின் கண்ணில் இதுவும், சீம்லெஸ் குழாயில் மேலே சொன்ன அக்கறையோடு கட்டியதும் ஒரே குற்றம், ஒரே 5,000 ரூபாய். அப்படியிருக்க, யார் கூடக் காசு கொடுத்து நல்லதைக் கட்டுவார்கள்?

இன்சூரன்ஸ் கதை தனி. ஒரு நண்பர் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று நினைத்து, கேஜ் போட்டதைப் பாலிசியில் குறிக்கச் சொல்லிக் கேட்டார். ஆர்சியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். ஆர்டிஓ ஆபீஸில், ஏற்ற வழியில்லை, கழற்றிவிடுங்கள் என்றார்கள். வெளியே நின்ற ஏஜென்ட்தான் உருப்படியான யோசனை சொன்னார்: யாரிடமும் கேட்காதீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, போட்டி வண்டிகளில் இருக்கும் முழுக் கூண்டை எல்லா ஜீப்புக்கும் அனுமதிக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஆட்களிலேயே பலருக்கு இந்த இடத்தில் என்னோடு சண்டை. முழுக் கூண்டில் பைப் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் ஓடும். போட்டியில் ஓட்டுநர் ஹெல்மெட் போட்டு, அசையவிடாத இருக்கையில், பல முனைப் பெல்ட்டில் கட்டுண்டு இருப்பார். அவிநாசி சாலையில் அதே வண்டியில் வெறும் தலையோடு போகிறவருக்கு, பின்னால் ஒரு பஸ் லேசாக இடித்தாலே அந்தப் பைப் போதும். மெத்தென்ற ஃபோம் சுற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். ஏசி பைப்புக்குச் சுற்றும் ஃபோமுக்கும், மண்டை மோதும் வேகத்தைத் தாங்கத் தயாரித்த பேடிங்குக்கும் சம்பந்தமே இல்லை. அப்புறம், பெல்ட் இல்லாத கூண்டால் பயனும் இல்லை. கவிழும்போது ஆள் உள்ளேயே உருண்டு அதே பைப்பில் மோதுவார்.

ஆகவே சாலையில் ஓடும் வண்டிக்கு நான் கேட்பது சிறியது. முன் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு முதன்மை வளையம், அதற்குப் பின்பக்கம் இரண்டு தாங்கு குழாய்கள், ஒரு குறுக்குக் குழாய், கீழே தகடுகள், கூடவே மூன்று முனை சீட் பெல்ட். பின்னால் ஆள் ஏற்றும் ஜீப் என்றால் கடைசி இருக்கைக்குப் பின்னால் இன்னொரு வளையம். எடையும் பெரிதில்லை, 45 மி.மீ. குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 2.6 கிலோ. முழுக் கூண்டு போட்ட போட்டி வண்டிகளுக்கு வேறு வகை வையுங்கள். அவை களத்துக்கு லாரியில் ஏறிப் போகட்டும். இதற்காக என்னைத் திட்டப்போகிறவர்களுக்கும் இந்த மடலின் நகல் போகிறது.

மற்ற மாற்றங்களைப் பற்றிச் சுருக்கமாக. எல்லாவற்றையும் ஒரே தராசில் வைப்பதுதான் இப்போதைய கோளாறு. காற்று இழுக்கும் குழாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோகும் ஸ்நார்கலால் யாருக்கும் தீங்கில்லை. இரும்பு பம்பரும் வண்டியின் முகப்பில் மாட்டும் இரும்புச் சட்டமான புல் பாரும் அப்படியில்லை; 2017 டிசம்பரில் நீங்கள் அவற்றுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியது சரிதான், நடந்து போகிறவரின் இடுப்பை அவை நொறுக்கும். சஸ்பென்ஷன் உயர்த்துவதும் பெரிய டயர் போடுவதும் இடைப்பட்டவை. பழைய தாரின் 245/75 ஆர்16 டயருக்குப் பதில் 33 அங்குல டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 86ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். பிரேக் மட்டும் பழைய பிரேக்தான். வண்டியின் எடைமையமும் மேலே ஏறும். கவிழ்ந்தால் காக்கக் கூண்டு போட்டேன் என்று சொல்லிக்கொண்டே, கவிழ வைக்கும் வேலையைக் கீழே செய்கிறவர்களை நானும் பார்க்கிறேன். இதற்கு ஓர் எல்லை போடுங்கள். ஆஸ்திரேலியாவில் மாற்றங்களுக்கென்றே தேசியக் கையேடு இருக்கிறது: சிறு மாற்றங்களுக்குத் தனிச் சான்று வேண்டாம், பெரியவற்றுக்குத் தகுதிபெற்ற பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஜெர்மனியில் சோதனை அமைப்பு பார்த்து ஒப்புக்கொண்ட மாற்றத்தை வண்டியின் பத்திரத்திலேயே ஏற்றிவிடுகிறார்கள். அங்கேயும் கிறுக்கர்கள் இருக்கிறார்கள். ஆனால் நல்லபடியாகச் செய்ய நினைப்பவருக்குப் போக ஓர் அலுவலகம் இருக்கிறது.

நமக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சிஎன்ஜி கிட்டுக்கு என்ன செய்கிறீர்களோ அதையே செய்யலாம். வண்டி மாடல் வாரியாகக் கேஜ் கிட்டைச் சோதனை நிலையம் ஏற்க வேண்டும். புனேயில் ஏஆர்ஏஐ இருக்கிறது, இங்கே ஒரகடத்தில் ஜிஏஆர்சி இருக்கிறது. பொருத்துபவர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். ஒவ்வொரு கூண்டிலும் கட்டியவரின் எண்ணும் குழாயின் அளவும் அடித்த தகடு இருக்கட்டும். ஆர்டிஓ ஆபீஸுக்கு அல்ட்ராசானிக் கனமானி ஒன்று கொடுத்தால், பைப்பை அறுக்காமல் வெளியிலிருந்தே 2.5 மி.மீ. இருக்கிறதா இல்லையா என்று இன்ஸ்பெக்டர் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். வெல்டிங்கைப் பார்க்கக் கண்ணாடித் துண்டும் டார்ச் லைட்டும் போதும். மாடல்களும் கைவிரலில் எண்ணக்கூடியவைதான். அவற்றில் பல இப்போது தயாரிப்பிலேயே இல்லை.

வரைவு விதி வந்தால் வழக்கம்போல் அரசிதழில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் போட்டு 30 நாள் கருத்துக் கேட்பீர்கள். இந்த ஒரு வரைவை மட்டுமாவது தமிழிலும், மலையாளத்திலும், கன்னடத்திலும் போடுங்கள். இதைப் படித்து நடக்க வேண்டியவர்கள் பட்டறையில் இருக்கிறார்கள். எந்த வளைவு கிழியும், எந்த ஒட்டு விடும் என்று உங்கள் குழுவுக்குச் சொல்லத் தெரிந்தவர்களும் அவர்கள்தான். கூப்பிட்டால் மாதிரி ஒட்டுகளை அறுத்துக் காட்ட ஒரகடத்துக்கு வருவதாக எனக்குத் தெரிந்த சிலர் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு பழைய ஜீப்காரன்