உறைந்த தேங்காய் எண்ணெய்

ஏற்காடு
டிசம்பர் கடைசி

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்று போனில், ஊரிலிருந்து கொண்டுபோன தேங்காய் எண்ணெய் கல்லாகிவிட்டது, கடைக்காரன் மெழுகு கலந்துவிட்டான் போல என்றாயே. பாவம், அவரைத் திட்டாதே. இங்கே நம் வீட்டு எண்ணெயும் அப்படித்தான் இருக்கிறது. கீழே சேலத்தில் வாங்கும்போது தளதளவென்று இருந்தது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து ஒரு ராத்திரி கழிந்ததும் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையும். உன் டொராண்டோ சமையலறை ஹீட்டர் போட்டாலும் அதற்குக் கீழேதான் இருக்கும்.

பக்கத்திலேயே இருந்த நல்லெண்ணெய் மட்டும் ஏன் உறையவில்லை என்று நீ கேட்கவில்லை. நானே கேட்டுக்கொள்கிறேன், பழைய வாத்தியார் புத்தி! கொழுப்பு மூலக்கூறில் கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த சங்கிலிகள் உண்டு. நல்லெண்ணெயின் சங்கிலிகளில் பெரும்பாலும் 18 கார்பன். தேங்காய் எண்ணெயில் அதிகம் இருப்பது 12 கார்பன்தான். நீளமான சங்கிலிகள் ஒன்றையொன்று அதிகமாக இழுக்கும் என்பதால், நியாயப்படி நல்லெண்ணெய்தான் முதலில் உறைய வேண்டும். ஆனால் அதன் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்பு, அதாவது இரண்டு கார்பன்கள் இரு கையாலும் பிடித்துக்கொள்வது மாதிரி, வரும் இடத்தில் ஒரு வளைவு இருக்கிறது. நேரான விறகுக் கட்டைகளை நெருக்கி அடுக்கிவிடலாம், கோணல் கட்டைகளை எப்படி அடுக்குவது? நெருங்க முடியாவிட்டால், மூலக்கூறுகள் ஒன்றையொன்று லேசாக இழுக்கும் வாண்டர் வால்ஸ் விசை பிடித்து நிறுத்தாது. அந்த விசை தொட்டுக்கொண்டு நின்றால்தான் வேலை செய்யும்.

மூலக்கூறுகளுக்கு நடுவே இருக்கும் இந்த இழுப்பை வகுப்பில் நான் சரியாகச் சொல்லவில்லை, தெரியுமா? கொதிக்கிற தண்ணீரின் குமிழுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று பாதிப் பேர் எழுதுவார்கள். நீராவி என்று சிவப்பு மையில் திருத்திவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவேன். குற்றம் பிள்ளைகள் மேல் இல்லை. மூலக்கூறுக்கு உள்ளே இருப்பதையும் பிணைப்பு என்றேன், இரண்டு மூலக்கூறுகளுக்கு நடுவே இருப்பதையும் ஹைட்ரஜன் பிணைப்பு என்றேன். எது அறுகிறது என்று அதுகளுக்கு எப்படித் தெரியும்? உள்ளே இருப்பதை அறுக்க மோலுக்கு (மூலக்கூறு, பிணைப்புகளை எண்ண நாங்கள் வைத்திருக்கும் அளவு) 460 கிலோஜூல் போல வேண்டும்; நடுவே இருப்பதற்கு 20 போல இருந்தால் போதும். அடுப்பு அறுப்பது இந்த இரண்டாவதைத்தான்.

அந்த 20ஐயும் லேசாக நினைக்காதே. தண்ணீரைவிடக் கனமான மூலக்கூறு, அழுகிய முட்டை நாற்றம் வருமே, அந்த ஹைட்ரஜன் சல்பைடு. அதில் ஹைட்ரஜன் பிணைப்பு இல்லாத மாதிரிதான் என்பதால், மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும் இல்லையென்றால் தண்ணீருக்கும் அதே கதிதான், ஏற்காடு ஏரியில் படகு விட முடியாது.

சரி, எண்ணெய்க்கு வா. உருகினாலும் உறைந்தாலும் அதே மூலக்கூறுதான், ஒன்றும் கெடவில்லை. பாட்டிலை அடுப்பு மேல் வைத்துவிடாதே, பிளாஸ்டிக். ஒரு கிண்ணம் வெந்நீரில் பத்து நிமிஷம் நிறுத்தி வை. அப்புறம் மறக்காமல் தலைக்குத் தேய், போன தடவை வீடியோவில் முடி வறவறவென்று இருந்தது.

அம்மா