கண்மாய்க் குழிகளைச் சரிசெய்யுங்கள்

ஐயா,

சிவகங்கை மாவட்டத்துக் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழாக்கள் தொடங்கிவிட்டன. அறுவடை முடிந்து தண்ணீர் வற்றியதும், ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீச, ஊத்தா, கச்சா, பரி என்று மீன்பிடிக் கருவிகளோடு சனம் இறங்கிவிடுகிறது. அடியும் மேலும் திறந்த கூடையான ஊத்தாவைக் கவிழ்த்து, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவி, வழுக்கும் விராலைச் செவுளில் விரல் கொடுத்துத் தூக்குவதற்குத் தனிக் கை வேண்டும். திருப்பத்தூர், சிங்கம்புணரிப் பக்கம் வெளி மாவட்டத்தாரும் வந்து பிடிக்கிறார்கள்.

மணிமுத்தாறும் தேனாறும் மழைக்காலத்தோடு சரி. விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் லாரி டியூபிலோ வாழைத்தண்டுத் தெப்பத்திலோ மிதக்கக் கண்மாய்தான் கதி. அங்கேதான் என் கவலை. வண்டல் எடுக்க அரசு அனுமதிப்பது நல்லதே. வயலுக்கு அது உரம். ஆனால் எங்கள் கண்மாயில் மண் அள்ளியவர்கள் சமமாக வெட்டாமல், மடைக்கு அருகிலேயே கிணறு போலத் தோண்டிவிட்டுப் போய்விட்டார்கள். கலங்கிய நீரில் முழங்கால் ஆழம் எது, ஆள் ஆழம் எது என்று தெரிவதில்லை. திருவிழா அன்று ஊரே சுற்றி நிற்கும். மற்ற நாள் மதியத்தில் யார் இருக்கிறார்கள்?

நீர் குறைந்திருக்கும் இப்போதே குழிகளின் ஓரங்களைச் சரித்துவிட வேண்டும். முடியாவிட்டால் மூங்கிலை நட்டுச் சிவப்புத் துணியாவது கட்டட்டும். ‘குளிக்கக் கூடாது’ என்று பலகை வைத்துக் கைகழுவ வேண்டாம். எந்தப் பிள்ளையும் அதைப் படித்துவிட்டுக் குளிக்காமல் வீடு திரும்பியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேவகோட்டை