பெரியப்பாவுக்கு: தடி வாங்கும் முன் ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பா,

போன வாரம் நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கறுப்புத் தடி, மேலே வெள்ளி நிறத்தில் சிங்கத் தலை, தலையைத் திருகி இழுத்தால் உள்ளே கத்தி. கூடவே உங்கள் குரல்: "இது மாதிரி ஒண்ணு வாங்கிக் குடும்மா, விடியக்காலம் பால் ஊத்தப் போறப்ப தைரியமா இருக்கும்." போனில் பதில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். என்னிடம் பிசியோதெரபிக்கு வரும் பெரியவர்களில் பலர் இதையே வேறு வேறு மாதிரி கேட்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே போடுகிறேன்.

மூன்று வருஷமாக நானும் பெரியம்மாவும் தடி ஊன்றச் சொல்லிக் கெஞ்சுகிறோம். "கெழவனாட்டம் தடி ஊனிக்கிட்டு பாலக்கோடு சந்தைக்குப் போகணுமா" என்று கேட்டீர்கள். நான் வாங்கித் தந்த அலுமினியத் தடியை இருட்டில் மட்டும் எடுத்துப் போனீர்கள், விடிவதற்குள் திரும்பி வந்து கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தீர்கள். இப்போது நீங்களே வாய்விட்டுத் தடி கேட்கிறீர்கள், ஆயுதமாக. ஊன்றுகோல் என்றால் கூச்சம், கம்பு என்றால் இல்லை. எனக்கு அது புரிகிறது பெரியப்பா. ஊர்த் திருவிழாவில் தீப்பந்தம் கட்டிச் சிலம்பம் சுற்றிய கை அது. அதனால் தற்காப்புத் தடியா, ஊன்றும் தடியா என்று உங்களோடு வழக்காட வரவில்லை. இரண்டுக்கும் ஆகிற ஒரே தடியை வாங்கலாம். அதற்கு முன் தை மாதம் நடந்ததைக் கொஞ்சம் பேசவேண்டும்.

கோழிக்கடை முக்கில் மூன்று நாய்கள் வந்தன. நீங்கள் தடியை ஓங்கி வீசினீர்கள். அது நாய் மேல் படவில்லை, கரண்ட் கம்பத்தில் பட்டது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் துளை இருக்கிறதே, சரியாக அந்த இடத்தில் தடி முட்டிபோல் மடங்கியது. நீங்கள் வலது பக்கமாக விழுந்தீர்கள். நாய்கள் கொட்டிய பாலை நக்கிவிட்டுப் போய்விட்டன. ஒரு பல்கூடப் படவில்லை, ஆனால் மணிக்கட்டு வீங்கி ஒரு மாதம் களி கிண்ட பெரியம்மாவுக்குத் துடுப்பு பிடித்துக்கூடக் கொடுக்க முடியவில்லை உங்களால்.

அந்தத் தடியைக் குறை சொல்லமாட்டேன். மேலிருந்து கீழே அழுத்தும் எடையைத் தாங்கத்தான் அதைச் செய்கிறார்கள். உள்ளே குழாய், வரிசையாகத் துளைகள். பக்கவாட்டில் அடி வாங்கினால் துளை உள்ள இடம் முதலில் மடங்கும். நான்காக மடக்கிப் பையில் வைக்கும் தடி இன்னும் மோசம். துண்டுகளை உள்ளே ஓடும் ஒரு எலாஸ்டிக் கயிறுதான் சேர்த்துப் பிடித்திருக்கிறது.

ஆனால் மடங்காத தடியாக இருந்திருந்தாலும் நீங்கள் விழுந்திருப்பீர்கள். உங்கள் வலது முழங்கால் தேய்ந்திருக்கிறது. தடி தரையில் இருக்கும்வரை அந்தக் காலின் பாரத்தில் ஒரு பங்கு தடிக்குப் போகிறது. அதைத் தூக்கி வீசினால் பாரம் முழுவதும் கால்களுக்கே திரும்பி வரும், வீச்சு உடம்பையும் சேர்த்துத் திருப்பும். உங்கள் வாத்தியார் முதலில் காலடியைத்தான் பழக்கினார், அது படிந்த பிறகே கையில் கம்பு கொடுத்தார் என்று நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள். சிலம்பத்தில் அடி காலிலிருந்து வருகிறது. அந்தக் காலடி இன்று உங்களிடம் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். கம்பு நெற்றி உயரம் இருக்கும், ஊன்றுகோல் இடுப்பு உயரம்தான். பழைய வீச்சு எதுவும் இதில் எடுபடாது.

அப்புறம், நீங்கள் தடியை வலது கையில் பிடிக்கிறீர்கள். வலிப்பது வலது கால் என்பதால் அந்தப் பக்கமே பிடிக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் அது தப்பு. தடி இடது கையில் இருக்கவேண்டும். நடக்கும்போது வலது கால் முன்னே போனால் இடது கை தானாக முன்னே போகும், பார்த்திருப்பீர்கள். தடி இடது கையில் இருந்தால் வலது கால் மண்ணில் பதியும் அதே நேரத்தில் தடியும் பதியும், பாரம் இரண்டுக்கும் பிரியும். வலிக்கிற பக்கமே பிடித்தால் உடம்பு முழுக்க அந்தப் பக்கம் சாயும். பால் கேனை வலது கைக்கு மாற்றுங்கள். முடிந்தால் கேனை விட்டுவிட்டு அந்தச் சின்னத் தள்ளுவண்டியில் கொண்டுபோங்கள். நாய் வந்தால் வலது கையாவது காலியாக இருக்கும். இடது கையால் என்ன செய்யமுடியும் என்று கேட்காதீர்கள். இரண்டு கையாலும் சுற்றப் பழகியவர் நீங்கள்.

இனி தடி. சிங்கத் தலை வேண்டாம். அந்தக் காது, மூக்கெல்லாம் உள்ளங்கையில் குத்தும். பத்து நிமிஷம் பாரம் போட்டு நடந்தால் கை மரத்துவிடும். தலையைத் திருகிக் கழற்றலாம் என்றால் அங்கே ஒரு திருகு மறை இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் முழு எடையும் நாள் முழுக்க அந்த மறையின் மேல்தான். ஒருநாள் ஆடும், இன்னொருநாள் கழன்று கையோடு வரும். கத்தி இருக்கிறதே என்பீர்கள். ஆயுத விதிகள் 2016-இன் பட்டியலில் வாளோடு சேர்த்து, உள்ளே கத்தி மறைத்த தடியையும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியை அது குறிக்கிறது. பால் சொசைட்டிக்குப் போகிற மனிதர் போலீஸ் நிறுத்தினால் அதற்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவேண்டுமா? ஷாக் அடிக்கும் தடியும் வேண்டாம். அது வேலை செய்யவேண்டுமானால் நாய் உங்கள் மேல் வந்து முட்டவேண்டும். நமக்கு வேண்டியது நாய்க்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கஜ தூரம்.

பரணில் இருக்கும் உங்கள் பழைய கம்பை வெட்டிப் போட்டுக்கொள்கிறேன் என்று பெரியம்மாவிடம் சொன்னீர்களாம். பொங்கலுக்கு வந்தபோது அதை இறக்கிப் பார்த்தேன். நல்ல கல் மூங்கில், உள்ளே குழலே இல்லாத மாதிரி கெட்டி. கணுக்கள் உங்கள் கைபட்டுத் தேய்ந்து பளபளவென்று இருக்கின்றன. ஆனால் ஒரு முனையில் ஊசி குத்தினாற்போல் துளைகள். தரையில் லேசாகத் தட்டினேன், மஞ்சள் மாவு கொட்டியது. உளுத்துவிட்டது பெரியப்பா. அதை வெட்டவேண்டாம், அப்படியே இருக்கட்டும். உளுக்காமல் இருந்திருந்தாலும் நேர்க்கம்பில் கை ஊன்ற இடம் கிடையாது. விரல்களால் இறுக்கிப் பிடித்துத்தான் நடக்கவேண்டும், மணிக்கட்டு போய்விடும்.

கருங்காலித் தடி பற்றியும் கேட்டிருந்தீர்கள். உண்மையான கருங்காலி நல்ல கனம், நாலு எட்டு வைப்பதற்குள் தோள் வலிக்கும். கறுப்புச் சாயம் ஏற்றிய ஏதோ ஒரு மரத்தையும் அந்தப் பேரில் விற்கிறார்கள். மரத்தடிதான் வேண்டும் என்றால் ரேகையைப் பாருங்கள். கைப்பிடியிலிருந்து அடிவரை நேராக ஓடவேண்டும். குறுக்கே சரிந்து வெளியேறினால் அந்த இடத்தில்தான் முறியும். மண்வெட்டிக் காம்புக்குப் பார்ப்பீர்களே, அதே பார்வைதான்.

நான் முடிவு செய்திருப்பது பிரம்பு. தடித்த பிரம்பு, ஒரு அங்குலப் பருமன், சூடு காட்டி ஒரே துண்டாகக் கைப்பிடியை வளைத்தது. கொள்ளிடம் பக்கம் தைக்காலில் பிரம்பு வேலை செய்கிறார்கள், அங்கிருந்து ஒரு தோழி வாங்கி அனுப்பினாள். பள்ளிக்கூடத்துப் பிரம்பை நினைத்துக்கொண்டு இதை எடைபோடாதீர்கள். மூங்கில் மாதிரி உள்ளே குழல் கிடையாது, முழுக்க நார். ஓங்கி அடி பட்டாலும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், பிளந்து சிம்பு தெறிக்காது. மறை இல்லை, பசை இல்லை, ஒட்டு இல்லை. ஊன்றுவதற்கும் காப்பதற்கும் ஒரே குணம் இங்கே உதவுகிறது: கைப்பிடி கையோடு வராது. வீட்டில் பெரிய மேஜை ஓரத்தில் நானே முழு எடையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன், முனகக்கூட இல்லை. கொக்கி மாதிரி வளைந்திருப்பதால் சொசைட்டியில் கையெழுத்துப் போடும்போது முழங்கையில் மாட்டிக்கொள்ளலாம். கொல்லையில் மாங்கிளையை இழுக்கவும் ஆகும்.

அடியில் இரும்புப் பூண் வேண்டும் என்று கேட்பீர்கள், டொக் டொக்கென்று சத்தம் வரும் என்று. சிமெண்ட் தரையில், அதுவும் பால் சிந்திய சொசைட்டி வாசலில், இரும்பு வழுக்கும். ரப்பர்தான். தடியின் பருமனுக்கு இறுக்கமாகப் பொருந்தவேண்டும். ரப்பரின் அடியில் வட்டம் வட்டமாகக் கோடுகள் இருக்கும். அவை தேய்ந்து மழமழவென்று ஆனதும் மாற்றிவிடவேண்டும். இரண்டு ரப்பர் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன்.

சரி, நாய் வந்தால் என்ன செய்வது. ஓடாதீர்கள், ஓட முடியாது என்பது வேறு விஷயம், வேகமாக நடக்கவும் வேண்டாம். நில்லுங்கள். முதுகைக் காட்டாமல், முறைத்தும் பார்க்காமல், சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். நல்ல காலான இடது காலில் பாரத்தை வைத்துக்கொண்டு தடியின் நுனியை உங்களுக்கும் நாய்க்கும் நடுவே தாழ்வாக நீட்டுங்கள். தலைக்கு மேல் ஓங்கவேண்டாம். நாய் தடியைக் கடித்தால் கடிக்கட்டும், உங்கள் கெண்டைக்காலைவிட அது மேல். அப்படியே சுவர் ஓரமாகப் பின்னால் நகருங்கள். எல்லோரும் கல் எடுப்பதுபோல் குனிவார்கள், நாயும் பின்வாங்கும். உங்கள் முழங்காலுக்கு அந்தக் குனிதல் ஆகாது, இருட்டில் முகம் நாயின் வாய்க்கு நேராகப் போய்விடும்.

மீறிக் கடித்துவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிஷம் கழுவவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் வைக்கக்கூடாது. சின்னக் கீறல்தானே என்று விடவும் கூடாது. வெறிநாய்க்கடி நோய் முற்றி அறிகுறி தெரிந்தபின் காப்பாற்ற வழியில்லை, அதற்கு முன் ஊசி போட்டால் காப்பாற்றிவிடலாம். அரசு ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் காசு கிடையாது. அவர்கள் சொல்லும் நாட்களில் ஒன்றையும் விடாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

மனிதர்கள் வந்தால்? கேட்பதைக் கொடுத்துவிடுங்கள், போனோ பணமோ. விடாமல் மேலே கை வைத்தால் தடியை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்துத் தள்ளுங்கள், கத்துங்கள். தலையில் அடிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆனால் தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டி அடித்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. உங்கள் கைக்கு இன்னும் அந்த அடி தெரியும் என்பதால்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. மாரண்டஅள்ளிப் பக்கம் யானை இறங்கியிருக்கிறது என்று யாராவது சொன்னால் அன்று எந்தத் தடியையும் நம்பிக் கிளம்பாதீர்கள். வெளிச்சம் வரட்டும், பால் ஒருவேளை திரிந்தால் திரியட்டும். மற்ற நாளில் கழுத்தில் மாட்டும் டார்ச் லைட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். பாதிப் பயம் குழியும் பாம்பும்தான், இரண்டுக்கும் வெளிச்சம் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். தடி இப்போது 37 அங்குலம் இருக்கிறது, வேண்டுமென்றே நீளமாக வாங்கினேன். உங்கள் உயரத்துக்கு 34 பக்கம் வரும் என்று நினைக்கிறேன், ஆனால் அளக்காமல் வெட்டமாட்டேன். பால் ஊற்றப் போகும்போது போடுகிற அதே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிமிர்ந்து நில்லுங்கள், கையைத் தொங்கவிட்டு. மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரைவரை என்ன வருகிறதோ அதுதான் உங்கள் தடி. அதைவிட நீளமானால் தோள் தூக்கும், குட்டையானால் கூன் விழும். மெதுவாக இரண்டு மூன்று தடவையாக அறுப்போம், கூடுதலாக அறுத்துவிட்டால் ஒட்டவைக்க முடியாது. அந்தச் சின்னப் பல் ரம்பத்தை எடுத்து எண்ணெய் போட்டு வையுங்கள். தடி தயாரானதும் கோழிக்கடை முக்குவரை நாம் இரண்டு பேரும் நடப்போம், பகல் வெளிச்சத்தில்.

உங்கள் தம்பி மகள்,
தர்மபுரியிலிருந்து