பக்கத்தில் உட்கார ஓர் ஆள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகும் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்காக அரசுப் பள்ளிகளில் நடக்கும் 'திறன்' திட்டம் பற்றி எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றில் பேச்சு வந்தது. "அஞ்சு வருஷமா டீச்சருங்க என்னதான் செஞ்சாங்க?" என்று ஒருவர் கேட்டார். தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கேள்வி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் வந்தபோது, வேலை கிடைக்கும் முன்பே, தொண்டராகச் சேர்ந்தேன். பகலெல்லாம் குவாரியில் கல் உடைத்த பெண்கள் இரவில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்காருவார்கள். முதல் பாடம் அ, ஆ இல்லை. 'பட்டா', 'படி' என்ற சொற்கள். பட்டா என்றால் என்னவென்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்த சொல்லைப் பிரித்துத்தான் எழுத்தைக் காட்டினோம். அந்தப் பெண்கள் சைக்கிள் கற்றதை ஊரே பேசியது. எனக்கு நினைவிருப்பது, பென்சிலைப் பிடிக்கக் கூசிய ஓர் அக்காவின் காய்த்துப்போன விரல்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து எழுத வைத்தால்தான் எழுதுவார்.

வேலைக்கு வந்த பிறகு என் ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி. பாடத்தை மளமளவென்று ஒப்பிப்பாள். புத்தகத்தில் வேறு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தால் வாயே திறக்க மாட்டாள். 'பெட்டி'யை 'பட்டி' என்பாள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஓசை பின்னால் வருகிறது. 'பொ'வில் முன்னால் கொம்பு, பின்னால் கால். நமக்குப் பழகிவிட்டதால் இது எவ்வளவு சிரமம் என்று தெரிவதில்லை. அவளுக்கு இது புரியவில்லை என்பதை நான் கண்டுபிடிக்கவே டிசம்பர் ஆகிவிட்டது. நாற்பது பேர் இருந்த வகுப்பு அது. அப்புறம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் தினமும் கால் மணி நேரம் அவளோடு உட்கார்ந்தேன். மார்ச்சில் வாசித்தாள்.

2007இல், பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துப் படிக்கும் செயல்வழிக் கற்றல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. பாட அட்டைகள், யார் எந்தப் படியில் இருக்கிறார் என்று காட்டும் ஏணிப் படம், பிள்ளைகளின் கைக்கு எட்டும் கரும்பலகை. அவரவர் வேகத்தில் படிக்கலாம் என்பது எனக்குப் பிடித்திருந்தது. கொரோனாவுக்குப் பின், தன்னார்வலர்கள் வீட்டுப் பக்கத்திலேயே பாடம் சொல்லித்தந்த இல்லம் தேடிக் கல்வி, அடுத்து சின்ன வகுப்புகளுக்கு வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும். இவற்றில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எது வந்தாலும், தடுமாறும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார ஓர் ஆளும் நேரமும் இருந்த இடத்தில்தான் பலன் கிடைத்தது. ஆசிரியர் செயலியில் விவரம் ஏற்றிக்கொண்டிருந்தால் அந்த நேரம் எங்கே இருக்கும்?

ஆகவே, வாசிப்புக்கென்று ஒதுக்கும் பீரியடை கணக்குக்கோ தேர்வுக்கோ எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கென்று தனி ஆசிரியர் ஒருவரைக் கொடுங்கள். 'மெல்லக் கற்போர் எழுந்து நில்லுங்கள்' என்று வகுப்பில் சொல்வதையும் நிறுத்த வேண்டும். அன்று அந்தச் சிறுமியை நானும் அப்படி நிற்க வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
புதுக்கோட்டை.